இடது ஸ்டிக் நகரவில்லை

லேபில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறாள். ஒரு முன்பல்லுக்கு நான்கு வெள்ளைகளைக் கலப்பாள். பக்கத்துப் பல்லில் இருக்கும் கீறலைக்கூடப் புதுப் பல்லில் வரைந்துவிடுவாள். வீடியோ கேமிலும் அதே பெயரைத்தான் வைத்துக்கொண்டாள். கூட ஆடுகிறவர்கள் அவசரத்தில் அதைப் பல்லக்கு ஆக்கிவிட்டார்கள். “பல்லக்கு, பின்னாடி பாரு!” “பல்லக்கு கவுந்துடுச்சு!” கவிழ்ந்தது தான்தான் என்று புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வாரம் ஆனது.

வயது நாற்பத்து நான்கு. ஆடத் தொடங்கியது ஒன்பது வயதில். வீட்டில் ஒரே ஜாய்ஸ்டிக், அதுவும் அண்ணன் கையில். டிவிக்குள் இருக்கும் அவன் ஆள் செத்தால்தான் இவள் முறை. ஒரு நாள் பொறுமை போய்ச் சமையலறையைப் பார்த்து, “அம்மா, அண்ணன் எப்பம்மா சாவான்?” என்று கத்தினாள். அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அன்று இரண்டு பேருக்குமே ஆட்டம் இல்லை.

லேபில் சாப்பாட்டு நேரத்தில் அவள் கருத்துச் சொல்ல ஆரம்பித்தால் கை காய்ந்துபோகும் வரை கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

“பழைய கேம் மூணு உயிர் குடுக்கும். மூணும் போச்சா, முதல்லேருந்து வா. அடிக்கும், ஆனா ஏமாத்தாது. இப்ப வர்றது இருக்கே, எப்படி நடக்கணும்னு அரை மணி நேரம் பாடம் எடுக்குது. நான் நடந்துதானே கடைக்குப் போய் அதை வாங்கினேன்?”

“தினமும் வந்தா பரிசாம். இங்க வேலைக்குக் கைரேகை வைக்கிறது பத்தாதா, விளையாடவும் வைக்கணுமா?”

“மழை மட்டும் இப்ப நல்லாப் பெய்யுது, அதைச் சொல்லணும். அந்தக் காலத்துல மழைன்னா நாலு வெள்ளைக் கோடு. இப்ப தரையில தேங்குது, அதுல நம்ம முகம் தெரியுது.”

கடைசியாக ஒன்று சொல்வாள். அதைச் சொல்லும்போது மட்டும் கிண்டல் இருக்காது. “நெட்ல ஆடற கேமை நடுவுல நிறுத்த முடியாது. பழசுல ஒரு பட்டனை அழுத்தினா எதிரி தூக்கின காலோட அப்படியே நிப்பான். நாம போய் யார் கூப்பிடறாங்கன்னு பார்த்துட்டு வரலாம்.”

மைக் என்றாலும் ஆகாது. பெண் குரல் என்று தெரிந்த மறுநொடி எவனாவது அசிங்கமாகப் பேசுவான். அதனால் வருடக்கணக்கில் மைக்கை அணைத்துவிட்டு எழுத்திலேயே பதில் சொல்லி ஆடினாள். அப்படி ஆடிய காலத்தில் சேர்ந்தவர்தான் ஆமை. ஓட மாட்டார். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து காவல் காப்பார். ஒரு வருடம் அவர் பேசினார், இவள் எழுதினாள். ஒரு நாள் ஆபத்து நெருங்கிவிட, எழுத நேரமில்லாமல் மைக்கைப் போட்டு, “மேல பாருங்க!” என்று கத்திவிட்டாள். கத்திய கையோடு மைக்கை அணைக்கப் போனாள். ஆமை மேலே பார்த்தார், சுட்டார். “தேங்க்ஸ் பல்லக்கு, இடது பக்கம் இன்னொருத்தன் இருக்கான்” என்றார். அவ்வளவுதான். அதிலிருந்து ஐந்து வருடம் அவர்கள் ஜோடி.

அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். பேர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, வேலை கேட்கக் கூடாது. ஆமை ஒரு நாளும் மீறவில்லை. சண்டை எல்லாம் விளையாட்டைப் பற்றித்தான்.

“பழைய கேமைத் தலையில தூக்கி வச்சு ஆடாதீங்க பல்லக்கு. அதெல்லாம் நாணயம் போட்டு ஆடற மெஷினுக்காகச் செஞ்சது. நீங்க சீக்கிரம் செத்தாத்தான் அடுத்த நாணயம் விழும். அதுக்குப் போய்க் கண்டிப்புன்னு பேர் வச்சுட்டீங்க. புதுசுல நான் ஒரு மலை மேல ஏறிச் சும்மா உட்கார்ந்திருக்கேன். ஏன்டா உட்கார்ந்திருக்கேன்னு ஒருத்தன் கேக்கறதில்ல.”

“பழசுல ஒண்ணையாவது நீங்க முடிச்சிருக்கீங்களா?”

மறுநாள் கேம் ஆப்பிலேயே ஒரு போட்டோ அனுப்பினார். டிவியில், எட்டு மாடி ஏறி முடிக்கும் ஒரு பழைய கேமின் கடைசிக் காட்சி. முன்னால் முப்பது வருடத்துக் கேம் மெஷின், மூடியில் நீல டேப். இவ்வளவு வாய் பேசுகிறவர் அந்தக் கிழட்டு மெஷினை உயிரோடு வைத்திருக்கிறாரே என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை லேபுக்கு விடுமுறை. கணவர் பஸ் டிரைவர், டியூட்டிக்குப் போயிருந்தார். மதியம் மூன்று மணி. ஹாலில் அவளும் மாமனாரும் மட்டும். மாமனாருக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. அவள் ஆடும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குக் கேட்கட்டும் என்று அவள் ஹெட்செட்டைக் காதில் மாட்டாமல் கழுத்தில் போட்டு, மைக்கில் மட்டும் பேசி, சத்தத்தை டிவியிலேயே வைப்பாள். ஆமையும் டிவியில்தான் கேட்பார். அதனால் இவள் பேசுவது அவர் டிவியில் ஒலித்து, அவர் மைக்கில் ஏறி, இவளுக்கே திரும்பி வரும். அதற்கு அவரை ஒரு திட்டு திட்டுவது அவள் வாடிக்கை.

அன்றைய ஆட்டத்தில் இருவரும் ஒரு பாலத்தைக் காக்க வேண்டும். எதிரிகள் அலை அலையாக வருவார்கள். பாலம் போனால் ஆட்டம் முடியும், பேச்சுத் தொடர்பும் அறுந்துவிடும்.

ஐந்தாவது அலையில் ஆமையின் ஆள் நடப்பதை நிறுத்தினான். பாலத்தின் நடுவில் நின்றபடி தலையை மட்டும் வலது பக்கம் திருப்பினான். மறுபடி வலது பக்கம். மறுபடி.

“என்ன ஆமை, வேடிக்கை பார்க்கிறீங்களா? ஒதுங்குங்க.”

“கன்ட்ரோலர்... போச்சு. இடது ஸ்டிக்... நகரல.”

இடது கட்டைவிரலால் தள்ளும் அந்த ஸ்டிக்தான் ஆளை நடக்க வைக்கும். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. “முழுங்கிட்டுப் பேசுங்க” என்றாள்.

பக்கத்தில் மாமனார் நாற்காலிக் கையைத் தட்டினார்.

“இருங்க மாமா.”

இன்னும் பலமாகத் தட்டினார். அவள் திரும்பினாள். மாமனாரின் இடது கை அவருடைய வாயைத் தொட்டது, கோணிப்போன அந்த ஓரத்தை. பிறகு டிவியைக் காட்டியது. மறுபடி வாய். மறுபடி டிவி. கண்ணில் தண்ணீர் நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் இதே ஹாலில்தான் அவள் ஆடிக்கொண்டிருந்தாள். உள் அறையிலிருந்து மாமனார் ஏதோ குழறலாகக் கூப்பிட்டார். “ஒரு நிமிஷம் மாமா, இது முடிஞ்சிடும்” என்றாள். ஆட்டம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. போய்ப் பார்த்தபோது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பேச்சு தப்பியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். தூங்குகிறார் என்று நினைத்துவிட்டதாக அவள் எல்லோரிடமும் சொன்னாள். அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் ஒருத்தி. இன்னொருவருக்கு வாய் இல்லை.

“ஆமை! இடது கையைத் தூக்குங்க. கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டுத் தூக்குங்க.”

“தூக்கிட்டேனே...” என்றார். ஒரு மூச்சு இடைவெளி. “இல்ல... மடியிலேயே கிடக்கு. மரத்துப் போச்சு போல. எனக்கு ஒண்ணும் இல்ல பல்லக்கு.”

“வீட்ல வேற யார் இருக்காங்க?”

“யாரும்... இல்ல.”

“உங்க பேரு என்ன? எந்த ஊரு? தெரு பேரு சொல்லுங்க!”

அவர் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. “சட்டம்... உங்க சட்டம்...” பிறகு ஏதோ சொன்னார். ஊர்ப் பேராக இருக்கலாம், சொந்தப் பேராக இருக்கலாம். கூழாகக் கரைந்துபோன சொற்கள். நாற்காலி சாய்ந்து விழும் சத்தம். அதன்பின் கரகரவென்று மூச்சு மட்டும்.

அவள் போனில் ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அட்ரஸ் சொல்லுங்கம்மா.”

“தெரியாது. ஒருத்தருக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கு. என்கூட கேம் ஆடிட்டு இருந்தாரு.”

“அவர் பேரு?”

“ஆமை.”

எதிர்முனையில் இருந்த பெண்ணின் குரல் இறுகியது. “மேடம், இந்த லைன்ல விளையாடக் கூடாது.”

“விளையாடிட்டுதான் இருந்தோம். இப்ப விளையாடல. தயவு செஞ்சு வைக்காதீங்க. கேளுங்க, அவர் மூச்சு விடறது கேக்குது.” போனை டிவியின் அருகில் பிடித்தாள்.

அந்தப் பெண் நான்கு விநாடி கேட்டாள். “ஊர் மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அந்த ஊர் வண்டியை அனுப்ப வைக்கிறேன். லைன்லயே இருக்கேன்.”

ஆறாவது அலை பாலத்தில் ஏறியது. கன்ட்ரோலரை எறிந்துவிட்டு எழப் போனவள் நின்றாள். பாலம் போனால் அந்த மூச்சும் போய்விடும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிய அதைவிட்டால் வேறு வழி இல்லை. நிறுத்த ஒரு பட்டன் இல்லை. உட்கார்ந்து இரண்டு பேர் ஆட வேண்டிய ஆட்டத்தைத் தனியாக ஆட ஆரம்பித்தாள். சுட்டுக்கொண்டே மூளையைக் குடைந்தாள். ஐந்து வருடத்தில் அவரைப் பற்றி என்ன தெரியும்? மலை பிடிக்கும். மழை பிடிக்காது. போட்டோ.

அலைக்கும் அலைக்கும் நடுவே இருபது விநாடி கிடைக்கும். அந்த இருபது விநாடியில், அழைப்பை வைக்காமலே, அதே போனில் போட்டோவைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினாள். மெஷினின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர். ‘ரிப்பேர்’ என்ற சொல்லும் ஒரு போன் நம்பரும். கடைசி எண் தேய்ந்திருந்தது. மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.

ஆம்புலன்ஸ்காரப் பெண் முதல் போனில் காத்திருந்தாள். மாமனார் தன் போனை இடது கையால் நீட்டினார். அவள் எண்களைச் சொல்ல, அவர் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகக் குத்தினார். கடைசியில் மூன்று.

“யாரு, சின்னவளா?” என்றது ஒரு வயதான குரல். “சாப்பிட்டியாடி?”

“ராங் நம்பர்மா.” வைத்தார்கள். எட்டு. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஏழாவது அலையில் அவள் ஆளுக்குப் பாதி உயிர் போயிருந்தது. மாமனார் மறுபடி குத்தினார். மூன்றாவது தடவையில் எடுத்தார்கள்.

“சர்வீஸ் கடை. சொல்லுங்க.”

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். அந்த ஆள் நிதானமாகக் கேட்டுவிட்டு, “யாருன்னே தெரியாம கஸ்டமர் அட்ரஸ் தர முடியாதும்மா. ஏமாத்துக் கூட்டம் நிறைய இருக்கு” என்றார்.

“அண்ணே, மெஷினைச் சொல்றேன். மூடியில நீல டேப். பவர் பட்டன் இருக்கிற எடத்துல வேற ஒரு பட்டன், நாலு ஓட்டை, சட்டையில தைக்கிறது...”

“அந்தச் சட்டை பட்டனை ஒட்டினதே நான்தான்.” குரல் மாறிவிட்டது. “சலூன்காரரா? ஐயோ! ஷட்டரை இழுத்துட்டு ஓடறேன், லைன்ல இரும்மா.”

ஊரைச் சொன்னார், தெருவைச் சொன்னார். அவள் இருந்த இடத்திலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரத் தூரம். அவள் திருப்பிச் சொல்ல, முதல் போனில் இருந்த பெண் எழுதிக்கொண்டாள்.

எட்டாவது அலை. ஆமையின் ஆள் நட்டுவைத்த கம்பம் போல நின்றுகொண்டிருந்தான். அவனைச் சுடக் குறிபார்த்தவர்களை அவள் முதலில் சுட்டாள். அவன் செத்தாலும் நிஜத்தில் ஒன்றும் ஆகாது என்று தெரியும். இருந்தாலும் அவன் முன்னால் போய் நின்றாள்.

“ஆமை, ஆள் வர்றாங்க. தூங்காதீங்க. உங்க மலை, புது கேம் பத்தி நான் சொன்னதெல்லாம் வாபஸ். கேக்குதா?” அவள் குரலே எதிரொலித்துத் திரும்பி வந்தது. பின்னால் மூச்சு, முன்பைவிட இடைவெளி விட்டு.

மாமனார் போனை அவள் காதருகே பிடித்திருந்தார். ரிப்பேர்க்காரர் இரைத்துக்கொண்டே பேசினார். “காம்பவுண்டுக்குள்ள வந்துட்டேன். வரிசையா ஆறு வீடு. எது அவர் வீடுன்னு தெரியலையேம்மா! எல்லாக் கதவும் சாத்திக் கிடக்கு, ஒரு ஈ காக்கா இல்ல. அவர் போனை எடுக்க மாட்டேங்கறாரு!”

ரிமோட்டை எடுத்துத் தன் டிவி சத்தத்தை அவள் கூட்டப் போனாள். பிறகுதான் புரிந்தது. கூட்ட வேண்டியது டிவியை அல்ல, தன் குரலை. அவள் குரல் அந்த ஆறு வீடுகளில் ஒன்றின் டிவியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

“அண்ணே, காது குடுத்துக் கேளுங்க!” என்று சொல்லிவிட்டு மைக்கை வாயோடு சேர்த்து இழுத்துவிட்டுக்கொண்டாள். “இங்க! இங்கதான்! இந்த வீடு!”

யாருக்கும் கேட்கக் கூடாது என்று வருடக்கணக்கில் பொத்தி வைத்த குரல் அது. அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். மாமனாரும் வாயைத் திறந்து தன்னால் முடிந்த ஒரே ஓசையை எழுப்பினார். ஒன்பதாவது அலை பாலத்தை நிரப்பியது. அவள் ஒரு கண்ணால் குறிபார்த்துச் சுட்டாள், கத்தினாள், சுட்டாள்.

“கேக்குது! கேக்குது! கடைசிக்கு முந்தின வீடு!”

பிறகு எல்லாம் டிவி வழியாகவே வந்தது. கதவில் இடி. ஒரு இடி, இரண்டு, ஆறு. மரம் பிளந்தது. “ஐயா! ஐயா, இங்க பாருங்க!” செருப்புச் சத்தம். தூரத்தில் சைரன்.

அவள் கையில் குண்டு தீர்ந்துபோயிருந்தது. பாலம் விழுந்தது. திரை கறுத்து, மறுபடி ஆடலாமா என்று கேட்டது.

மாலை ஏழு மணிக்குக் கணவர் வந்தபோது இருவரும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்குப் போடவில்லை. என்னமோ ஏதோ என்று அவர் பதறி அப்பாவைத் தொட்டுப் பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நிற்க முடியாமல், இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிட்டாள். தூங்குகிறார் என்று நினைக்கவில்லை, கூப்பிட்டது காதில் விழுந்தது, ஆட்டத்தை விட மனசு வரவில்லை என்று.

கணவர் முகம் கழுவிக்கொண்டு வந்து அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டினார். அவள் தட்டையும் எடுத்து வைத்தார், ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ரிப்பேர்க்காரர் கூப்பிட்டார். ஆள் பிழைத்துவிட்டார். மருந்து ஏற்ற வேண்டிய நேரத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பேச்சு திரும்பும் என்கிறார்கள், இடது கைதான் இழுபறி. “நர்ஸ் வந்து உங்க பேரு என்னன்னு கேட்டா, பாலம் என்னாச்சுன்னு குழறலா கேக்கறாரும்மா.”

நான்கு நாள் கணவர் டியூட்டிக்குப் போனார், வந்தார். அவள் லேபில் ஒரே கடைவாய்ப் பல்லை மூன்று முறை தப்பாகச் செய்தாள். ஐந்தாம் நாள் சமையலறையில் அவர் வந்து நின்றார்.

“அன்னிக்கு அப்பா எனக்கும் போன் பண்ணாரு.”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“டெப்போவுல டீ குடிச்சிட்டிருந்தேன். எடுத்தா, கொழகொழன்னு என்னமோ சொன்னாரு. டவர் இல்லன்னு நெனச்சு வச்சுட்டேன். அப்புறம் வண்டி எடுக்கற நேரம் ஆயிடுச்சு. திருப்பிக் கூப்பிடணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்.” சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நீ தூங்கறாருன்னு நெனச்சேன்னு சொன்னப்போ எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அப்படின்னா தப்பு யார் மேலயும் இல்லையேன்னு.”

இரண்டு பேரும் மாமனாரிடம் போனார்கள். கணவர் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அதையே மறுபடி சொன்னார். மாமனார் நெடுநேரம் மகனையே பார்த்தார். பிறகு பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மன்னித்தாரா, கோபமா என்று அவர்களுக்கு அன்று தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. மறுநாள் டீயைக் கொண்டுபோனபோது எப்போதும்போல வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கணவரின் ஓய்வு நாளில், பக்கத்து வீட்டு அம்மாவை மாமனாருக்குத் துணைக்கு வைத்துவிட்டு, இருவரும் ஆமையைப் பார்க்கப் போனார்கள். அவள் மனதில் இருந்த ஆமை ஒல்லியான ஆள். கதவைத் திறந்தவரோ நிலைப்படி கொள்ளாத உருவம், ஐம்பது வயது, நாவிதர். புதுக் கதவுக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. ரிப்பேர்க்காரரும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான்கு பேரும் முதல் பத்து நிமிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

“இந்தப் பழைய மெஷினால பொழைச்சீங்க, ஒத்துக்கோங்க” என்றாள் அவள் கடைசியில்.

“மெஷின்ல ஒட்டின ஸ்டிக்கரால பொழைச்சேன். புது கேம்ல மைக் இருந்ததால பொழைச்சேன்.” பேச்சு மெதுவாக வந்தாலும் தெளிவாக இருந்தது. “தனியா அந்த எட்டு மாடி ஏறிட்டு இருந்தப்போ இது வந்திருந்தா, செத்த பிறகுகூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

கணவர் சிரித்துவிட்டார்.

முடி வெட்ட வலது கையில் கத்தரி, இடது கையில் சீப்பு வேண்டும். கடையை இப்போது தங்கை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். பேசிக்கொண்டே ஆமை மேசைமேல் இருந்த சீப்பை இடது கையால் எடுக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கின, கட்டைவிரல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. சீப்பு கீழே விழுந்தது. அவள் குனிந்தாள்.

“விடுங்க பல்லக்கு” என்று தடுத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு அவரே மெல்லக் குனிந்தார்.